பாதி ஆட்டத்தில்

ரஸ்னா அழுவதற்காகக் கடையின் பின்பக்கம் போனாள். முன்பக்கத்தில் பேனர் அடிக்கும் மெஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் எவ்வளவு உருக்கமாக அழுதாலும் எடுபடாது. மை டப்பாக்களும் போன தேர்தலுக்கு அடித்த பந்திங் பேனர் சுருள்களும் அடைந்து கிடந்த இடுக்கில் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, போனை வாய்க்கருகில் பிடித்தாள்.

"ஐயோ என் ராசா… பாதி ஆட்டத்துல எந்திரிச்சுப் போயிட்டியே… மீதி ஆட்டத்த இனிமே யாரு ஆடுவா… நீ வருவ வருவன்னு வாசலையே பாத்துக் கெடந்தோமே…"

இழுத்து இழுத்துப் பாடினாள். கடைசி இழுப்பில் வழக்கம்போலச் சிரிப்பு பீறிட்டது. "எந்திரிடா எரும, மேட்ச் இருக்கு!" என்று சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்து, அந்தச் சிரிப்போடு சேர்த்தே குழுவுக்கு அனுப்பினாள்.

குழுவின் பெயர் லெப்பாக். வெட்டியாகக் கூடி உட்கார்ந்திருப்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் வார்த்தை. குழுவில் இருந்தவர்கள் செய்ததும் அதைத்தான். ஈப்போ, சித்தியவான், கோலா கங்சார் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்க்காமலே, நாள் முழுக்கப் பேசினார்கள். எந்தப் பாட்டு குப்பை, எந்த எம்.பி. கட்சி தாவப் போகிறான், குனோங் ராபாட் சாலையில் யார் வீட்டு வாசலில் வெள்ளம், யாருக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று எல்லாம் அங்கே வந்து சேரும். இடையிடையே ஐந்து பேராகச் சேர்ந்து போனில் கேம் ஆடுவார்கள். ரஸ்னாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. வீட்டில் வாய் திறந்தால் அம்மா குல்ஜார் பேகம் மாப்பிள்ளைப் பேச்சை எடுப்பாள். கடையில் வாய் திறந்தால் முதலாளி பழனியப்பன் அடுத்த வேலையை நீட்டுவார். அவள் மனம்விட்டுச் சிரித்தது லெப்பாக்கில் மட்டும்தான்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேம் நடக்கும்போது நடுவில் ஒருவன் காணாமல் போனால், அவன் செத்தவன். உடனே அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போடவேண்டும். ரஸ்னாவுக்கு அது கைவந்த வேலை. பிழைப்புக்கே அவள் கல்யாணப் பத்திரிகையும் அஞ்சலி நோட்டீசும் வடிவமைக்கிறவள். செத்தவன் படத்தை வெட்டி, ரோஜா மாலை போட்டு, குத்துவிளக்கு இருக்கவேண்டிய இரண்டு மூலையிலும் கேம் ஆடும் ஜாய்ஸ்டிக் கட்டையை வைத்து அனுப்புவாள். மற்றவர்கள் ஆளாளுக்கு ஒப்பாரி பாடி அனுப்புவார்கள். துலுக்க வீட்டுப் பெண் பாடுகிற ஒப்பாரிதான் இருப்பதிலேயே அசல் என்று சித்தியவான் ஷர்வின் பட்டம் கொடுத்திருந்தான். பக்கத்து வீட்டுச் சாவுகளில் கேட்டுக் கேட்டு வந்த ராகம் அது.

அதிகம் செத்தவன் தர்மாதான். கோலா கங்சார் பக்கத்துப் பையன், எல்லாரையும்விடச் சின்னவன். ஆட்டமும் சுமார்தான். ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆடுவான். ஷர்வின் அவனுக்கு ஒத்தக்கையன் என்றே பெயர் வைத்துவிட்டான். முக்கியமான கட்டத்தில் ஆள் மறைந்துபோவான். சாயங்காலம் வந்து தன் அஞ்சலியைப் பார்த்து அவனே முதலில் சிரிப்பான். போன மாதம் ரஸ்னாவுக்குத் தனியாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். "அக்கா, எப்பயும் அந்தத் தூங்குமூஞ்சி போட்டோவையே போடுறீங்க லா. இதுல ஒண்ணு அழகா செஞ்சு குடுங்க. இனிமே செத்தா இதையே யூஸ் பண்ணலாம்." வெள்ளைச் சட்டை, வாரிய தலை. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. கன்னத்தில் சதை போட்டுவிட்டது என்று கிண்டலடித்தபடியே அவள் ஆசையாகச் செய்துகொடுத்தாள்.

இன்று காலை தர்மாவின் எண்ணிலிருந்து அந்தப் படம்தான் குழுவில் வந்து விழுந்தது. தேதியும் ஒரு வீட்டு முகவரியும் கோணல்மாணலாக எழுதிச் சேர்த்திருந்தது. மேட்ச் தொடங்கும் முன்பே செத்துவிட்டாயா என்று ஒருவன் கேட்டான். கெக்கெக்கே என்று சிரிப்பு மூஞ்சிகள் குவிந்தன. ஷர்வின் தான் வேலை செய்யும் கார் பட்டறையில் இருந்தபடி மாரடித்து அழுதான். ரஸ்னா பின்பக்கம் போய் அழுதாள்.

அவள் மெஷினுக்குத் திரும்பிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். போன் அடித்தது. தர்மா.

"என்னடா பொணமே, உனக்கு போன்லாம் பேச வருமா?" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் வந்தது.

"தர்மா இல்லக்கா. நான் அவனோட அக்கா, தேன்மலர். தம்பி காலையில போயிட்டான். டயாலிசிஸ் சென்டர்லயே."

ரஸ்னாவின் வாயில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எங்கே துப்புவதென்று தெரியவில்லை.

"அவன்தான் சொல்லி வெச்சிருந்தான்கா. ரஸ்னா அக்கா செஞ்ச படம் போன்ல இருக்கு, அதுல நான் நல்லா இருக்கேன், அதையே போடுங்கன்னு. பெருசு பண்ணிப் பாத்தோம், உடையுது. உங்ககிட்ட ஒரிஜினல் இருக்கும்ல? கூட்டாளிங்களுக்கு சொல்லணும்னு குருப்புல போட்டேன். என்னென்னமோ வந்துகிட்டே இருக்கு, நான் இன்னும் ஒண்ணும் பாக்கல. வீடு பூரா ஆளு."

"நானே எடுத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்ததும் குழுவைத் திறந்து, தர்மா நிஜமாகவே இறந்துவிட்டான் என்று எழுதினாள். கைதட்டல்கள் வந்தன. 'அக்கா இன்னிக்கு ஓவர் லா' என்றான் ஒருவன். சத்தியமாக என்று எழுதினாள். அதற்கும் சிரித்தார்கள். விளையாட்டில்லை என்றாள். நடிப்புக்கு விருது கொடுக்கலாம் என்று பதில் வந்தது. மரணத்தைச் சொல்ல இருந்த வார்த்தைகளை எல்லாம் அவர்கள் எப்போதோ செலவழித்துவிட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல அங்கே ஒரு வார்த்தை மிச்சமில்லை. ஷர்வினைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வெளையாடாதீங்க லா."

"வெளையாடல ஷர்வின். கிட்னி. ரொம்ப நாளாவே டயாலிசிஸ் போய்க்கிட்டு இருந்திருக்கான். நம்ம யாருகிட்டயும் சொல்லல."

பட்டறையில் யாரோ டயரை உருட்டும் சத்தம் கேட்டது.

"அவன் அம்மா கேட்டுடக் கூடாது. எல்லாரையும் அனுப்புனத அழிக்கச் சொல்லு. இப்பவே" என்றாள்.

பிறகு கணினியில் தர்மாவின் படத்தைத் திறந்தாள். மூலைகளில் இருந்த கேம் கட்டைகளை எடுத்துவிட்டு உண்மையான குத்துவிளக்குகளை வைத்தாள். மாலையை இன்னும் கொஞ்சம் தழைத்துவிட்டாள். கையில் நடுக்கமே இல்லை. தன் கையை நினைத்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது. பழனியப்பன் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா, சின்னப் பையனா இருக்கான்?"

"தெரிஞ்ச பையன்ணே" என்றாள். அதற்குமேல் கேட்காமல், சட்டம் போட்டுக் கொடுத்து, வேன் சாவியையும் நீட்டினார்.

ஈப்போவிலிருந்து கிளம்பி, சுங்கை சிப்புட் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தன் அழுகை நினைவுக்கு வந்தது. எல்லாரையும் அழிக்கச் சொன்னவள் தன்னுடையதை அழிக்கவில்லை. ஓரம் கட்டி நிறுத்திப் போனைப் பார்த்தாள். 'செய்தி நீக்கப்பட்டது, செய்தி நீக்கப்பட்டது' என்று வரிசையாக இருந்தது. சிரிப்பு மூஞ்சி ஒன்றுகூட மிச்சமில்லை. யாரும் புதிதாக ஒரு சொல்லும் எழுதவில்லை. என்ன எழுதினாலும் பழைய விளையாட்டு மாதிரியே இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டவெளியில் விட்ட மாதிரி அவள் குரல் மட்டும் நடுவில் கிடந்தது. அதை அழுத்தி, அழி என்று கொடுத்தாள். வட்டம் சுற்றியது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள்தான். ரப்பர் தோட்டமாக இருந்த காலத்திலேயே அந்தப் பக்கம் உலகத்துக்கு எட்டாதது, இப்போதும் அங்கே லைன் கிடையாது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேனை விரட்டினாள். அந்த அம்மா போனைத் தொட்டிருக்கக் கூடாது, தொட்டிருக்கவே கூடாது என்று வழியெல்லாம் அல்லாவிடம் கெஞ்சிக்கொண்டே போனாள்.

தோட்டத்தை மூடியபோது ஜனங்களுக்குக் கட்டிக்கொடுத்த சின்ன வரிசை வீடுகள். நடுவில் கூடாரம் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு போட்ட பெண் ஒருத்தி பெரிய படத்தைச் சுமந்து வருவதைப் பார்த்து வழிவிட்டார்கள். வாசலில் நின்ற தேன்மலர் படத்தை வாங்கி, முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள்.

உள்ளே பெட்டிக்குள் தர்மா கிடந்தான். ரஸ்னா அவனை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நினைத்திருந்ததைவிட ஒல்லியாக இருந்தான். இடக்கையின் உள்பக்கம் நரம்பு முண்டுமுண்டாகப் புடைத்திருந்தது. அவள் அதையே பார்ப்பதைக் கண்டு தேன்மலர் சட்டைக் கையை இழுத்துவிட்டாள்.

"ஊசி ஏத்துற கைக்கா. ஏத்தி வெச்சிருக்கும்போது அசைக்கக் கூடாது. அதான் ஒரு கையாலயே கேம் ஆடுவான், நர்ஸ்மாருங்க திட்டுவாங்க. பிரஷர் எறங்கிட்டா ஆளு மயங்கிருவான், போன் கீழ விழுந்துரும். முழிச்சதும் மொதல்ல போனத்தான் தேடுவான். எனக்கு இன்னிக்கு என்ன போட்டிருக்காங்க பாருன்னு காட்டிச் சிரிப்பான்."

ரஸ்னா படத்துக்கு மாலை போட்ட ஒவ்வொரு முறையும் இவன் உண்மையிலேயே பாதி செத்துத் திரும்பி வந்திருக்கிறான். அந்தப் பாதியைத்தான் அவர்கள் கொண்டாடியிருக்கிறார்கள். ரஸ்னா பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

தலைமாட்டில் அவன் அம்மா செல்லாயி இருந்தாள். ரப்பர் மரம் சீவிக் காய்த்துப்போன கை. அந்தக் கையில் தர்மாவின் போன்.

"அம்மா, இவங்கதான் ரஸ்னா அக்கா" என்றாள் தேன்மலர்.

செல்லாயி நிமிர்ந்து பார்த்தாள். "நீதானா தாயி அது? உன் கொரலத்தான் கேட்டேன். எனக்குப் படிக்க வராது, எதையோ தொட்டேன், நீ அழுவுற. வேற சாதி, வேற சாமி, என் புள்ளைக்காக இப்படி அழுவுறாளேன்னு…" பெட்டியைத் தடவினாள். "இவ்வளவு ஆளு வந்திருக்கு, ஒருத்தருக்கும் பாட்டு வரல. இந்தக் காலத்துப் பொம்பளைங்க சும்மா கண்ண தொடச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. என் புள்ளைய பாடி அழுதது நீ ஒருத்திதான்."

ரஸ்னா தன் போனை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய சிம்முக்கு இந்த வீட்டிலும் லைன் இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாதிதான் கேட்டேன். சவப்பெட்டிக்காரன் போன் பண்ணிட்டான், நின்னுபோச்சு" என்றபடி செல்லாயி போனை அவள் மடியில் வைத்தாள். "மொதல்லேருந்து போடு தாயி. முழுசா கேக்கணும்."

"வேணாம்மா." போனை மடியிலேயே கவிழ்த்து வைத்தாள். "அப்புறமா… நான்… அது நல்லா இல்லம்மா."

"சாவுல என்ன நல்லா இருக்கறது, நல்லா இல்லாதது? போடு. அவனும் கேக்கட்டும்."

சுற்றியிருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். யாரோ வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களை அதட்டி அடக்கினார்கள். ஊதுவத்திப் புகைக்குப் பின்னால், சட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையில் தர்மா சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வரும் இடம் ரஸ்னாவுக்குத் தெரியும். வாசல் என்று தொடங்கும் வரியின் இழுப்புக்கு அப்புறம். அந்த இடத்தில் சரியாக அழுத்தி நிறுத்திவிடலாம். கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு தொட்டாள்.

"ஐயோ என் ராசா…"

அவளுடைய குரல் அந்தச் சின்ன வீட்டை நிறைத்தது. மெஷின் இரைச்சல்கூடப் பின்னால் லேசாகக் கேட்டது. "பாதி ஆட்டத்துல எந்திரிச்சுப் போயிட்டியே…" செல்லாயியின் உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. ஒரு பெண் அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே முனகினாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். "மீதி ஆட்டத்த இனிமே யாரு ஆடுவா…" என்று வந்தபோது செல்லாயி பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு வீறிட்டாள். வீறிட்டபடியே கையை நீட்டித் துழாவி, ரஸ்னாவின் வலக்கையைப் பிடித்தாள். இழுத்துத் தன் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். கட்டைவிரலும் அந்தப் பிடிக்குள் போய்விட்டது.

ரஸ்னா இழுத்துப் பார்த்தாள். பிடி விடவில்லை. இடக்கை பெட்டியின் கைப்பிடிக்கும் யாரோ ஒருத்தியின் தோளுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. போன் அவள் மடியில் கிடந்தது.

"நீ வருவ வருவன்னு…" என்று அது பாடிக்கொண்டிருந்தது, "வாசலையே பாத்துக் கெடந்தோமே…"