இடப்பக்கம் இழுத்த வண்டி

ஏழாவது தடவையாகவும் அந்தக் குட்டி வண்டி வளைவில் இடப்பக்கம் ஒதுங்கி, மேஜைக்காலில் முட்டி நின்றது. நூலகத்தின் பின்னறைத் தரையில் கறுப்பு டேப்பால் வளைத்து வளைத்து ஒட்டிய பாதை. யாரும் தொடாமல் வண்டி அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். "கோட்டை விட்டுடுச்சு!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். வண்டியைச் செய்த சிறுமிகள் நெட்டையும் பொடிசும் மட்டும் சிரிக்கவில்லை. நாலு மணிக்கு வீட்டு ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

"உன் புரோகிராம்தான் தப்பு," என்றாள் சக்கரமும் மோட்டாரும் மாட்டிய நெட்டை.

"நீ கோணலா மாட்டியிருக்கே," என்றாள் பொடிசு.

இருவரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவள் அவள். இந்தச் சனிக்கிழமை ரோபோ கிளப்பை நடத்திய வாத்தியார் மாற்றலாகிப் போனதும், "நீதான் மெஷின் தெரிஞ்சவளாச்சே," என்று நூலகர் அவள் தலையில் கட்டிவிட்டார். முதலில் பயந்தாள். பழகிய பிறகு, ரோபோ என்பதும் மோட்டாரும் பிடிவாதமும் சேர்ந்த ஒன்றுதான் என்று தெரிந்து, சனிக்கிழமைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

"புரோகிராம்லதான் இருக்கும். தவறாம ஒரே பக்கம் இழுக்குதே," என்றாள், குனிந்துகூடப் பார்க்காமல்.

பொடிசு லேப்டாப்பை மூடிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். "அப்ப அவளே எழுதிக்கட்டும். நான் இனிமே வரலை."

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்த வீட்டிலும் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் 'இதுதான் கோளாறு' என்று அவள் சொன்னதில்லை. சின்னப் பெண்தானே என்று வாயில் வந்ததைச் சொல்லியாயிற்று. வாசல் வரை பின்னாலேயே போனாள்.

"பிரிச்சுப் பார்க்காமச் சொன்னது என் தப்பு. வாம்மா, பார்ப்போம்."

"பார்த்தும் என் புரோகிராம்தான்னா?"

"அப்பவும் சேர்ந்தே பார்ப்போம்."

பொடிசு பையைக் கழற்றாமலே திரும்பி வந்து, வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து ஓட விட்டாள். அந்தரத்தில் வலது சக்கரம் விர்ரென்று சுற்றியது. இடது சக்கரம் முக்கி முனகியது.

நெட்டை தலையைக் கவிழ்த்தபடி திருகாணிகளைக் கழற்றினாள். அச்சில் இறுகச் சுற்றியிருந்தது ஒரு நீண்ட முடி. இடுக்கியால் மெல்ல உருவினாள். ஒரு முனையில் இரண்டு விரற்கடை வெள்ளை, மிச்சமெல்லாம் கன்னங்கரேல்.

எல்லாத் தலைகளும் மெதுவாக மெக்கானிக்கின் டை அடித்த தலையை நோக்கித் திரும்பின.

"ஊரு மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறேன். இந்த நோயைக் கொண்டுவந்ததே நான்தானா!" என்று அவள் கொண்டையைத் தடவ, அறையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

நெட்டை மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. திருப்புளியைப் பொடிசிடம் நீட்டினாள். "நீ முடுக்கு." அப்போதுதான் பை தரைக்கு இறங்கியது.

நாலு மணிக்கு, பெற்றோர்கள் சுவரோரம் நிற்க, வண்டி வளைவுகளையெல்லாம் சமர்த்தாகக் கடந்தது. டேப் முடிந்தது. வண்டி நிற்கவில்லை.

"ஏய், நிக்கச் சொல்லி எழுதலையா?"

"நீ கேக்கவே இல்லையே!"

நூலகர் காலைத் தூக்கி வழிவிட, வண்டி திறந்திருந்த கதவைத் தாண்டி, நீண்ட தாழ்வாரத்தில் விழுந்திருந்த வெயிலுக்குள் நேராக ஓடியது. பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள்.