பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் பக்கம், பழைய விமான ஓடுதளத்தில், இரண்டிரண்டு காராக ஓடும் கால் மைல் பந்தயம். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஆறு வருடம் பூட்டி நான் செய்த கார், முதல் முறையாக வரிசையில் நின்றது. என்னால்தான் சும்மா நிற்க முடியவில்லை. வரிசை நாலடி நகரும். உடனே இறங்கி, பானெட்டைத் திறந்து ஏதாவது ஒரு நட்டை முறுக்குவேன்.

"போதும் நொரீன், விடு. இன்னும் முறுக்கினா மரை போயிடும்," என்றான் என் புருஷன் கீத்.

"ஏதாவது கழண்டு விழுந்தா ஊரே சிரிக்கும். நீ பேசாம டீயைக் குடி."

புறப்படும் கோட்டுக்கு வந்ததும் பானெட்டுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். அதையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு எரிந்து, பக்கத்துக் கார் பறந்தேவிட்டது. ஆத்திரத்தில் ஓங்கி மிதித்தேன். கிளம்பிய வேகத்தில் சத்தமும் நின்றது.

ஓடி முடித்துத் திரும்பி வந்தால், பந்தயத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி அலறியது: "பாதையில ஒரு பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் கிடக்குது. பிடியில சிவப்பு பெயிண்ட்ல நொரீன்னு எழுதியிருக்கு. அம்மா, கொஞ்சம் வந்து வாங்கிக்கிறீங்களா?"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கீத் எனக்கொரு டீயை ஊற்றி நீட்டினான். "சந்தோஷப்படு. வண்டியிலேருந்து ஒரு நட்டுகூடக் கழலலை."