ஒட்டகத்துக்கு ஒரு மைக்

தம்பி ஊதுகிற வாத்தியத்துக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால் குழுவில் எல்லோரும் அதை ஒட்டகம் என்றே கூப்பிட்டார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு மரக்குழல்; உச்சியில் கழுத்து மாதிரி வளைந்த பித்தளைக் குழாய். காரில் போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டுதான் வரும். அறைக்குள் உட்கார்ந்து கேட்டால் அதன் சத்தம் நெஞ்சுக்குள் வந்து குடியேறிவிடும். மேடை ஏறினால் மட்டும் அது ஊமை.

இரண்டு வருஷமாக இதே கூத்து. தம்பி கன்னம் உப்ப ஊதுவான், கண்ணை மூடி உருகுவான், ட்ரம்ஸ் இரைச்சலில் ஒரு சொட்டும் வெளியே வராது. போன நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு ரசிகர் வந்து, "தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, அவர் யாருங்க?" என்று கேட்டு வைத்தார். குழுத் தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ட்ரம்ஸ் வாசிப்பவரும் அவர்தான்.

"இந்தத் தடவையும் கேக்கலேன்னா ஒட்டகம் வேண்டாம்ப்பா. நீ வேணும்னா கிலுகிலுப்பை ஆட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

குழுவுக்குச் சவுண்டு பார்ப்பது தம்பியின் சொந்த அக்கா. அவளுக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லை என்றால் அது ஊதுகிறவன் குற்றமா, சவுண்டு பார்க்கிறவள் குற்றமா? கூடப் பிறந்தவனைத் தன் கையாலேயே வெளியே தள்ளின கதையாகிவிடாதா?

நிகழ்ச்சி அன்று மதியமே, காலி அரங்கத்தில் இருக்கிற மைக்கையெல்லாம் பரப்பினாள். முதலில் பாடகர்கள் பிடிக்கிற மைக்கை அவன் வாய்க்கு நேரே வைத்தாள். 'புஸ்ஸ்' என்று சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. அடுத்து குழலின் அடிமுனையில் வைத்தாள். சத்தம் அங்கேயிருந்துதானே வரும்? நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். எல்லாத் துளையையும் மூடி ஊதுகிற ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் ஜன்னல் கண்ணாடி ஆடியது. மற்றதெல்லாம் யாரோ பக்கத்து வீட்டில் ஊதுகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது, ஸ்டுடியோவில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்த உயர்ந்த மைக். அது ஒட்டகத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் தலைவர் தட்டிக்கொண்டிருந்த ட்ரம்ஸை அள்ளிக்கொண்டு வந்தது.

"ஆகா! என் ட்ரம்ஸ் இவ்வளவு சுத்தமா கேட்டதே இல்ல. இதையே வச்சிரலாம்" என்றார் தலைவர். அக்கா முறைத்த முறைப்பில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அவளுக்குப் புத்தி வந்தது. மைக்கை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதைக் குழலோரம் வைத்து மேலும் கீழும் நகர்ந்தாள்.

"அக்கா, நீ முழங்காலுக்குப் பக்கத்துல இப்படி உக்காந்தா எனக்குச் சிரிப்பு வருது."

"சிரிச்சேன்னா கிலுகிலுப்பைதான்டா. ஊது."

விஷயம் பிடிபட்டது. எந்தத் துளை திறந்திருக்கிறதோ அந்தத் துளை வழியாகத்தான் அந்தந்தச் சுரம் வெளியே வருகிறது. வாயிலிருந்து ஒரு முழம் கீழே காது வைத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்டது. ஆனால் அங்கே ஸ்டாண்டு வைத்துப் பிரயோசனமில்லை, இவன் ஆடுகிற ஆட்டத்தில் குழல் ஒரு இடத்தில் நிற்காது. மேடைப் பேச்சாளர்கள் சட்டையில் குத்திக்கொள்கிற குட்டி மைக்கை எடுத்தாள். பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி அதற்கு அடியில் கொடுத்தாள். தன் தலைமுடி ரப்பரைக் கழற்றிக் குழலோடு சேர்த்துச் சுற்றினாள்.

"ஒட்டகத்துக்குக் கொண்டை போட்டாச்சு" என்றான் தம்பி. அவள் மைக்கைத் திறந்ததும் ஊதினான். அரங்கம் நிறைந்தது. இருவரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள்.

ஆனால் கிணறு வெட்ட பூதம் கிளம்பும் என்று யார் கண்டது? சோதனையில் அவன் ஊத மட்டும்தான் செய்தான்.

நிகழ்ச்சியில் இரண்டாவது பாட்டு. தம்பி ஊதாமல் காத்திருக்க வேண்டிய இடம். தலைவரின் ட்ரம்ஸ் வழக்கம்போல் வேகமெடுத்தது. திடீரென்று ஸ்பீக்கர் பேசியது. "ஆரம்பிச்சிட்டாருய்யா! ரயிலைப் பிடிக்கப் போறாரு அண்ணன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்குத்தானே முணுமுணுப்பது அவன் வழக்கம். யாருக்கும் கேட்காத மனுஷன், தைரியமாகப் பேசிப் பழகிவிட்டான்!

"மெதுவாப் போங்கண்ணே. இப்படி ஓடினா நான் எங்க வந்து சேர்றது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கண்ணை மூடியிருந்த தம்பிக்கு எதற்குச் சிரிப்பென்று தெரியவில்லை. ஆனால் தலைவர் காதில் இயர்ஃபோன் இருந்தது, அதில் ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. முகம் சிவந்து, மைக்கை மூடச் சொல்லி அக்காவுக்குச் சைகை காட்டினார்.

அவள் விரல் பொத்தானுக்குப் போனது. மூடினால் எப்போது திறப்பது? அடுத்தது அவன் தனியாக ஊத வேண்டிய இடம். தலைவர் ஓடுகிற ஓட்டத்தில் அவன் எந்த அடியில் வந்து சேர்வான் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். முதல் சுரம் கேட்காமல் போனால் தம்பியும் போனான். நடப்பது நடக்கட்டும் என்று கையை எடுத்துவிட்டாள்.

தலைவர் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஆனால் அவர் கை, அவருக்கே தெரியாமல், கொஞ்சம் நிதானப்பட்டது. ஒட்டகம் வாயைத் திறந்தது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப். இரண்டு வருஷமாக அறைக்குள் மட்டும் கேட்ட சத்தம் கடைசி வரிசைவரை நடந்து போவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து மேடைக்குப் பின்னால் தலைவர் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "ஏம்ப்பா, நான் அவ்வளவு வேகமாவா ஓடுறேன்?"

"உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

"நீதான் சொன்னே. அரங்கம் முழுக்கக் கேட்டுச்சு."

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. குழலில் சுற்றியிருந்த ரப்பரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு வருஷமா கூட இருக்கே. ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் சொல்லிக்கிட்டுத்தான்ணே இருந்தேன்."

தலைவர் குனிந்து குழலில் இருந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவிழ்ந்த தலையோடு நின்ற அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க வேற ரப்பர் வாங்கிக்குங்கம்மா. இதை யாரும் கழட்டக் கூடாது."