இரண்டு பெட்டிகளும் ஒரு சின்ன ஸ்விட்சும்

அறையில் மூன்று பேர். கதவோரம், இருந்த ஒரே நாற்காலியில் மருத்துவமனை மேலாளர். நெட்வொர்க் பெட்டிகள் அடுக்கிய ரேக்குக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட கேபிள் உருளைமேல், மடியில் லேப்டாப்போடு பெண் என்ஜினியர். ரேக்கின் பின்புறம், தரையில் சம்மணம் போட்டு அவளுடைய கொழுந்தன். இருவரும் வேலை பார்க்கும் கம்பெனியில் அவனை 'நூல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கட்டும் கேபிள்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

ரேக்கில் மேலும் கீழுமாக இரண்டு ஃபயர்வால் பெட்டிகள். மருத்துவமனையின் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவதென்றாலும் இவற்றின் வழியாகத்தான். ஒன்று வேலை பார்க்கும். மற்றது, "இருக்கியா?" என்று அதைக் கேட்டுக்கொண்டே காத்திருக்கும். பதில் நின்றால் வேலையைத் தன் கையில் வாங்கிக்கொள்ளும். அப்படித் தவறாமல் வாங்கிக்கொள்ளும் என்று அவள் கையெழுத்திட்டுத் தரும் கடிதம் மாலைக்குள் தலைமை அலுவலகம் போய்ச் சேர வேண்டும். போனால்தான் நாளை புது ஆபரேஷன் தியேட்டர் திறக்கும். கையெழுத்து பொய்த்தால், அங்கே மேஜையில் கிடப்பவர்தான் அனுபவிப்பார்.

மேல்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாயிற்று. கீழ்ப்பெட்டி உடனே பொறுப்பேற்றது. மேலே திரும்ப உயிர் கொடுத்ததும் அது அடக்கமாகக் காத்திருந்தது. வேலை பார்க்கும் பெட்டியின் விளக்கு மட்டும்தான் பச்சையாக எரியும்.

"அதான் நிக்காம ஓடுச்சேம்மா. பேனா தரட்டுமா?" என்றார் மேலாளர்.

"இன்னும் ஒண்ணு பாக்கணும் சார். கொஞ்ச நேரம் தடைபடலாம்னு லேப்ல சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்."

இரு பெட்டிகளும் பேசிக்கொள்ளும் இரண்டு கேபிள்களையும், நேரே மாட்டினால் தொங்குமே என்று, ரேக்கின் நடுவிலிருந்த கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சில் அழகாகச் செருகியிருந்தான் நூல். அந்த ஸ்விட்சின் பிளக்கை அவள் உருவினாள்.

மேல்விளக்கு பச்சையானது. கீழ்விளக்கும் பச்சையாகவே நின்றது.

ஒன்றின் குரல் ஒன்றுக்குக் கேட்கவில்லை. மற்றது செத்துவிட்டது என்று நினைத்து இரண்டும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. இரண்டுக்கும் ஒரே முகவரி. எதனிடம் போவதென்று தெரியாமல் தகவல் எல்லாம் நடுவழியில் தவித்தது.

மேலாளரின் போன் அலறியது. லேப் பொறுப்பாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "சார், ரிப்போர்ட் ஒண்ணும் போகல! பழைய தியேட்டர்ல ரத்தம் ஏத்தணும்னு நிக்கிறாங்க. என்ன பண்றீங்க அங்க?"

"அவங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்றாள். மேலாளர் தரையைப் பார்த்தார்.

நூலின் கை கீழ்ப்பெட்டியின் ஒயருக்குப் போனது.

"தம்பி, அது இல்ல! இதுவரைக்கும் வேலை பாத்தது அதுதான். மேல உள்ளதப் பிடுங்குங்க!"

பிடுங்கினான். மேல்விளக்கு அணைந்தது. போனில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "வந்துடுச்சு... போகுது. நீங்க எல்லாம் மனுஷங்களாய்யா?" என்று போன் வைக்கப்பட்டது.

நூல் தன் கட்டுகளைத் தானே வெட்டினான். ஒரு கேபிளை இடப்பக்கமாகவும் மற்றதை வலப்பக்கமாகவும், நடுவில் எதுவும் இல்லாமல், பெட்டிக்குப் பெட்டி நேரே இழுத்துவிட்டு, மேல்பெட்டிக்குத் திரும்ப மின்சாரம் கொடுத்தான்.

"கொடியில துணி காயப்போட்ட மாதிரி இருக்கு அண்ணி."

"காயட்டும் தம்பி."

இம்முறை லேபுக்கு அவளே போன் செய்து, திட்டையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் சரி என்ற பிறகே சோதித்தாள். இடது கேபிளை உருவினாள். ஒரு விளக்குத்தான் பச்சை. அதை மாட்டிவிட்டு வலதை உருவினாள். அப்போதும் ஒன்றுதான்.

அவள் எழுதிய கடிதத்தை மேலாளர் இரண்டு முறை படித்தார்.

"நல்லாத்தானே முடிஞ்சுது. இந்த முதல் கலாட்டாவ விட்டுடலாமே? லேபுக்குச் சொல்லலைன்னு வேற எழுதியிருக்கீங்க."

"விட்டா, அடுத்து வர்றவர் கேபிள் தொங்குதேன்னு மறுபடியும் அதே ஸ்விட்ச்ல செருகுவார். லேபுக்கும் சொல்ல மாட்டார். ரெண்டு கேபிளும் ஒண்ணா போனா இதே கூத்துதான்னும் எழுதியிருக்கேன். இதெல்லாம் இல்லாம என் கையெழுத்து வராது சார்."

"மாட்டினது யாருன்னு எழுதியிருக்கீங்களா அண்ணி?" நூலின் குரல் இறங்கியிருந்தது.

"நாங்கன்னு எழுதியிருக்கேன். பாத்துட்டு சரின்னு சொன்னது நான்தானே."

மேலாளர் பெருமூச்சு விட்டு, கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "போடுங்க."

போட்டாள். நூல் தாளை ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்து உறையில் இட்டான். பசை தடவி, நகத்தால் நீள ஒரு கோடு இழுத்து ஒட்டினான். வாசலில் வண்டியின் என்ஜினை அணைக்காமல் நின்றிருந்த கூரியர்காரர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.