சீகோரா காரைப் பற்றி ஊர் பேசியது

1971-ஆம் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோப்ரவா ஆலையிலிருந்து வெளியே வந்த சீகோரா கார்கள் அத்தனையும் நத்தையைப் போலப் பின்னால் வெள்ளிக் கோழையை இழுத்துக்கொண்டு போயின. காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம், ஆலை வாசலுக்கு எதிரே இருக்கும் 'மூன்று கெண்டை' பியர் கடையில், கடைசல் பிரிவு வென்டெலின் ஒரு கதை சொன்னான். மேட்டில் ஏறிக்கொண்டிருந்த சீகோராவைப் பார்த்து நத்தை ஒன்று, "கொஞ்சம் ஒதுங்கிக்க அக்கா, எனக்கு நேரமாச்சு" என்றதாம். கடை முழுக்கச் சிரித்தது. அவன் மனைவி ப்ளாஜேனாதான் ஆலையின் கடைசி வாசலில் நின்று, முடிந்த கார்களைச் சோதித்து, சரி என்று முத்திரை குத்தி வெளியே அனுப்புகிறவள். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு வாளி வெந்நீரும் ஒரு மூட்டை உப்புமாகச் சக்கரம் சக்கரமாகக் கழுவினாள். வேடிக்கை பார்க்க வந்த புருஷனிடம், "வீட்ல உன் தட்டைக் கழுவறேன். இங்க வந்து உன் வாயைக் கழுவறேன்" என்றாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே.

ஆரம்பத்தில் இப்படிப் பேச்சு பலிப்பது கெட்ட பழக்கமாக இருக்கவில்லை. சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஹினெக் சீகோரா, 1908-இல் தன் முதல் காரைச் செய்து, அதன் மூக்கில் தன் பேருக்கு அர்த்தமான ஒரு பித்தளைக் குருவியை உட்கார வைத்தார். ஊர் அதைப் பற்றி நல்லதாகவே பேசியது. பேசியபடியே வண்டியும் ஓடியது. இதில் எஞ்சின் சத்தமே கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மனதுக்குள் நினைப்பதுகூடக் கேட்கும் என்று பாதிரியார் ஒருவர் புகழ்ந்தார். மறு வாரத்திலிருந்து கேட்டது. அதனால் ஊரில் சில கல்யாணங்கள் நின்றன, வங்கி ஒன்று மூடப்பட்டது, ஆனாலும் வண்டிக்குப் பேர் கூடியது. வியன்னாவிலிருந்தும் புடாபெஸ்டிலிருந்தும் பெரிய மனிதர்கள் ஆள் அனுப்பி வாங்கினார்கள். ஓட்டுநருக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்துத் தரும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்கள். தடுப்புக் கண்ணாடி செய்தே பக்கத்து ஊர் ஒன்று பணக்கார ஊராயிற்று.

பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள். ஆலையை எடுத்துக்கொண்டு, கார் வேண்டாம், போர்முனைக்கு லாரி செய்யுங்கள் என்றார்கள். வென்டெலினுக்கு அப்போது இருபது வயது. சூப்புக்கு நின்ற வரிசையில் பின்னால் திரும்பாமலே, "இந்த லாரிக்கு நம்ம ஊர் மேல ரொம்பப் பாசம்டா. கிழக்க அனுப்பிச்சா, விடிஞ்சதும் காபிக்கு வாசல்ல வந்து நிக்கும்" என்றான். யாரும் வாய்விட்டுச் சிரிக்க முடியாத காலம். தோள்கள் மட்டும் குலுங்கின. அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் விடியற்காலையில், போர்முனைக்குப் புறப்பட்ட லாரிகள் ஆலை வாசலில் வரிசையாக நின்றன, உள்ளே சிப்பாய்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தன. நேராகத்தான் ஓட்டினோம் என்று ஓட்டுநர்கள் அழுதார்கள். சிப்பாய்களில் சிலர் உள்ளூர்ப் பெண்களோடு பழகி, உருளைக்கிழங்கு நடக்கூடக் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்ததும் வென்டெலினுக்குப் பதக்கம் கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. எதற்காகக் கொடுப்பதாகச் சொல்வது என்று தெரியாததால் விட்டுவிட்டார்கள்.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. எதிரிக்காகப் பழகிய பழக்கத்தை, எதிரி போன பிறகு எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஊருக்குத் தெரியவில்லை. ஆலை அரசாங்கத்துடையது ஆயிற்று. பித்தளைக் குருவி தகரக் குருவியாயிற்று, அப்புறம் வெறும் ஸ்டிக்கராயிற்று. வண்டி மோசமானதால் கிண்டல் வந்ததா, கிண்டல் வந்ததால் வண்டி மோசமாயிற்றா என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நாடு முழுவதும் சீகோராவைப் பற்றி நகைச்சுவை சொன்னார்கள். ஆனால் பலித்தவை, வென்டெலின் முதன்முதலாகச் சொல்லி, கேட்டவர்கள் உண்மையாகவே சிரித்தவை மட்டும்தான். சீகோராவின் கதவை இழுத்துச் சாத்தினால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும் என்றான். ஒரு மாதத்துக்கு ஊரில் யாருக்கும் தூக்கம் இல்லை. சீகோராவைத் திருட வருகிறவன் மனசு கேட்காமல் ஒரு டயரை வைத்துவிட்டுப் போவான் என்றான். மறுநாள் ஒவ்வொரு காரின் பக்கத்திலும் புது டயர் ஒன்று சாய்ந்திருந்தது. ஆலையில் அப்போது டயர் பஞ்சம். இயக்குநர் ஸெலென்கா தன் அறைக்கே வென்டெலினைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, "அந்த டயர் ஜோக்கை இன்னொரு தடவை சொல்லுங்க தோழர்" என்றார். மேலாளர்கள் எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். ஒரு வால்வு மூடிகூட வரவில்லை.

தலைநகர் ப்ராக்கிலிருந்து இரண்டு முறை அதிகாரிகள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். அரசாங்கக் காரைப் பற்றிப் பொய் பேசினான் என்று குற்றம் சாட்டலாம் என்றால், அவன் சொன்னது எல்லாம் மறுநாளே உண்மையாகிவிடுகிறது. உண்மையைப் பேசினான் என்று குற்றம் சாட்ட அவர்களுக்கும் கூச்சமாக இருந்தது. பியர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். போகும்போது அவர்கள் வந்த சீகோராவை அவர்களே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த இடத்தில் ப்ளாஜேனாவின் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடம் சிமென்ட் தரையில் நின்று அவள் முழங்கால்கள் தேய்ந்துபோயிருந்தன. ஒரே மகள் லிபுஷே கல்யாணமாகி நாட்டின் மறு மூலையில், கோஷிட்சேயில் இருந்தாள். ரயிலில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும், மூன்று இடத்திலும் படிக்கட்டு. பேரப்பிள்ளைகளை ப்ளாஜேனா போட்டோவில்தான் பார்த்திருந்தாள். அதனால் பல வருடங்களுக்கு முன்பே ஒரு சீகோராவுக்குப் பேர் கொடுத்து வைத்திருந்தாள். கார் செய்கிறவர்களும் காருக்கு வரிசையில்தான் நிற்க வேண்டும். 1978 இலையுதிர் காலத்தில், அடுத்த வசந்தத்தில் உங்கள் முறை என்று தகவல் வந்தது. அன்று சாயங்காலம் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று கெண்டைக்குள் நுழைந்து, புருஷனின் பியரைத் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வென்டா, நான் இத்தனை வருஷமா உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

"கேட்டிருக்க. வாயை மூடுன்னு தினமும் கேக்கற."

"அதையேதான் கேக்கறேன். நம்ம வண்டி என் வாசல் தாண்டற வரைக்கும் சீகோரான்ற பேரே உன் வாய்ல வரக்கூடாது. எனக்குக் கோழை விடற வண்டி வேணாம். கதவு தொறக்கற வண்டி வேணாம். கோஷிட்சே போற வண்டி வேணும். அவ்வளவுதான்."

கடையில் இருந்தவர்கள் அவன் என்ன பதில் சொல்லப் போகிறான் என்று சிரிக்கத் தயாரானார்கள். அவன் வினிகரில் ஊறின சாஸேஜை மென்றபடி தலையை மட்டும் ஆட்டினான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மூன்று கெண்டையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தான். மற்றவர்கள் முயற்சி செய்து பார்த்தார்கள், ஒருவருக்கும் வரவில்லை. பழைய ஜோக்குகள் நாடு முழுக்கச் சுற்றிச் சுற்றிப் புளித்துப் போயின. ஆலையிலிருந்து, போருக்குப் பிறகு முதல் தடவையாக, சாதாரணக் கார்கள் வெளிவந்தன: திருப்பினால் திரும்பின, நிறுத்தினால் நின்றன. ப்ளாஜேனா மதியம் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிறிஸ்துமஸ் கெண்டை மீன் வறுத்த அன்று, "இப்படியே இருந்துட்டா என்ன?" என்று கேட்டாள். வென்டெலின் முள் எடுத்துக்கொண்டிருந்தான். முள்ளைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் கார்கள் மங்க ஆரம்பித்தன. யாரும் எதுவும் பேசாத வண்டி கண்ணுக்கு எத்தனை நாள் தெரியும்? முதலில் நிறம் வெளுத்தது. பிறகு, நிறுத்திய இடத்தில் காரைக் காணோம் என்று தேடினார்கள். கை நீட்டினால் இருந்தது, பார்த்தால் இல்லை. போலீஸ்காரர் அபராதம் போட முடியாமல் தவித்தார். கிழவர் ஒருவர் வெட்டவெளியில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடித்தார், அது தன் கார்தான் என்றார். பனி பெய்த நாட்களில் மட்டும் எல்லோரும் தங்கள் வண்டியைப் பார்த்துத் துடைத்தார்கள், துடைத்ததும் மறுபடி காணவில்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்களுடைய வண்டி வரிசையின் கடைசிக்கு வந்தது. வந்ததாகச் சொன்னார்கள். ப்ளாஜேனா முத்திரைக் கட்டையோடு நின்றாள், எதிரே காலி சிமென்ட் தரை. கைகளால் தடவினாள்: கதவு இருந்தது, கண்ணாடி இருந்தது, கதவில் குளிர்ச்சி இருந்தது. ஆனால் ஆலையின் விதி கண்டிப்பானது. கண்ணால் பார்க்காத வண்டியில் முத்திரை குத்தக் கூடாது. வேலை முடியும் சங்கு ஊதுவதற்குள் முத்திரை விழாத வண்டி உருக்கும் கூடத்துக்குப் போகும், பேர் கொடுத்தவர் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். அவள் தன் முழங்காலைப் பார்த்தாள். வாலுக்குப் போய்த் திரும்ப அது தாங்காது. பிறகு ஆளை விட்டு வென்டெலினைக் கூட்டி வரச் சொன்னாள்.

"பேசு" என்றாள்.

"பேசாதேன்ன."

"இப்ப பேசுன்றேன். ஏதாவது ஒண்ணு. ஆனா கெடுதல் இல்லாததா."

வென்டெலின் தொப்பியைக் கழற்றிவிட்டு முயற்சி செய்தான். இந்த சீகோராவுக்குப் பெட்ரோலே வேண்டாம், நல்ல வார்த்தை சொன்னால் ஓடும் என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. இது பறவை மாதிரிப் பறக்கும் என்றான். யாரோ இருமினார்கள். கூடிவிட்ட தொழிலாளிகளில் ஒருவன், "அண்ணே, நீங்க வாழ்த்துப்பா படிக்கறீங்க" என்றான். கெடுதல் இல்லாத ஜோக் ஒன்றும் அவனிடம் இருக்கவில்லை. இத்தனை மாதம் சும்மா இருந்ததில் வாய் துருப்பிடித்திருந்தது. இயக்குநர் ஸெலென்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ப்ளாஜேனா கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. எதிரே இருந்த வெறுமையையும், பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்ற புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த வண்டியும் உன்ன மாதிரிதான் வென்டா" என்றாள். "வாயை மூடிட்டா, இருக்கறதே தெரியல."

முதலில் சிரித்தவன் வென்டெலின். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். மற்றவர்களின் ஜோக்குக்கு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அப்புறம் கூடமே சிரித்தது. ஸெலென்கா சிரித்தார். ப்ளாஜேனாவுக்கும் வாய் ஓரம் கொஞ்சம் விரிந்தது. சிமென்ட் தரையில் ஒரு பழுப்பு நிற சீகோரா நின்றது, நின்ற கையோடு, வென்டெலினின் குரலில், "என்ன எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க? யாராவது கதவைச் சாத்துங்கப்பா, குளுருது" என்றது. ப்ளாஜேனா எழுந்து முத்திரையைக் குத்தினாள். சங்கு ஊதியது.

மறு வாரமே கோஷிட்சே போனார்கள். வழியெல்லாம் முன்னால் ஒரு வென்டெலினும் சுற்றிலும் ஒரு வென்டெலினுமாக எந்தப் பாதை குறுக்கு என்று சண்டை போட்டார்கள். "ஒருத்தனுக்கே என்னால ஆகல" என்று ப்ளாஜேனா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ஆனால் போய்ச் சேர்ந்தார்கள். பேரப்பிள்ளைகள் காரோடுதான் முதலில் பேசினார்கள். பாட்டியோடு அப்புறம்.

வென்டெலின் மூன்று கெண்டைக்குத் திரும்பினான், மற்ற சீகோராக்களும் கோளாறுகளோடு கண்ணுக்குத் தெரிந்தன. 1992-இல் வெளிநாட்டுக்காரர்கள் ஆலையை வாங்கி, பேரை மாற்றி, நல்ல கார்கள் செய்கிறார்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. அதனால் தோப்ரவாவில் ஜனங்கள் சந்தைக்கு வெளியே குருடர்கள் போலக் காற்றைத் தடவித் தங்கள் வண்டியைக் கண்டுபிடிக்கிறார்கள். 1995-இல் வென்டெலின் இறந்தான். சவ வண்டி ஒரு பழைய சீகோரா. கல்லறைச் சாலையில் அதன் பின்னால் மகள் ஓட்டி வந்த பழுப்பு வண்டி, "மெதுவாப் போங்கடா, அவன் எங்கயும் நேரத்துக்குப் போனதில்ல. தள்ளினாத்தான் போவான்" என்றது. உள்ளே இருந்த ப்ளாஜேனா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சவ வண்டியின் எஞ்சின் நின்றுபோய், ஊரே சேர்ந்து மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பழுப்பு வண்டிக்குள் அவள் சிரித்ததில்லை. விளைவு தெரிந்தவள்.

அறுபத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மாதம் ஒரு முறை கோஷிட்சே போகிறாள். இதற்கிடையில் நாடு இரண்டாகப் பிரிந்து, வழியில் ஒரு எல்லைச் சாவடி முளைத்திருக்கிறது. ப்ர்னோ நகரத்தைத் தாண்டும் வரை கார் பேசுவதைக் கேட்பாள், முப்பது வருடத்துக்கு முன் கேட்ட அதே கதைகள். அப்புறம், "போதும் வென்டா, காது வலிக்குது" என்பாள். கார் வாயை மூடிக்கொள்ளும், மூடியதும் மறைந்துவிடும். சாலையில், ஒரு கிழவி கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, முழங்காலை மடித்துக் காற்றில் உட்கார்ந்தபடி மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போவாள். லாரிக்காரர்கள் விளக்கைத் தாழ்த்தி வழி விடுவார்கள்.

எல்லைக் காவலர் முதல் தடவை மட்டும்தான் கேட்டார்.

"வண்டி எங்கம்மா?"

"பேசிப் பேசிக் களைச்சுப் போயிருக்கு தம்பி. எழுப்பாதீங்க."

அவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சக்கரம் இருக்கும் இடத்தை மிதித்துவிடாமல் சுற்றி வந்து, தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.