வண்டிக்குக் காத்திருப்பவர்கள்

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து வேனில் கூட்டிப்போகும் ஒரு செயலியைக் கண்காணிப்பதுதான் ரவிசங்கருக்கு வேலை. திருச்சியிலிருந்து வேலை விசாவில் மலேசியாவுக்கு வந்தவன். பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை, பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ். பதிவுக்கு ஒன்று, வண்டி ஒதுக்க ஒன்று, டிரைவருக்குச் செய்தி அனுப்ப ஒன்று என்று பின்னணியில் ஓடும் பதினேழு சின்னச் சின்ன நிரல்கள், அதாவது சர்வீஸ்கள், சேர்ந்ததுதான் அந்தச் செயலி. அவற்றைப் பார்த்துக்கொள்ள இருநூற்றுப் பத்து வரைபடங்களைத் திரையில் ஏற்றியவன் அவன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோளாறு இல்லை என்று அத்தனையும் பச்சையாக இருந்தன. டிரைவருக்குச் செய்தி அனுப்பும் சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செய்திகளை மட்டும் அனுப்பாமல் வரிசையில் அடுக்கிக்கொண்டே போனது. முப்பத்தெட்டுப் பேருக்கு வண்டி போகவில்லை. கிள்ளானில் அய்யாவு என்ற பெரியவருக்கு மத்தியானம் மூச்சுத் திணறியது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

சாவுச் செய்தி வந்தபோது ரவிசங்கர் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தான்.

மேனேஜர் கமலநாதன் அவனையும் கூட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனார். பெரியவரின் மகள் புஷ்பவல்லி நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"அப்பா காலைல ஆறரைக்கே வாசல் கேட்டுக்கிட்ட உட்கார்ந்துட்டாரு. வண்டி உறுதின்னு போன்ல வந்துச்சு, அத நம்பி நான் வேலைக்குப் போயிட்டேன். உங்களுக்கு எப்ப தெரியும் தம்பி?"

"ஒம்பதே முக்காலுக்கு, அக்கா."

"அதுக்குள்ள அவரு எட்டு தடவ உங்க ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்காரு. அது உங்க கம்ப்யூட்டர்ல தெரியாதா?"

"தெரியாது அக்கா. நான் அத திரையில வைக்கல."

கமலநாதன் தரையைப் பார்த்தார். "சரி" என்றாள் புஷ்பவல்லி.

திரும்பும் வழியில் டிராஃபிக் ஜாமில் கார் நின்றது. "அப்படிச் சொல்லியிருக்க வேணாம் ரவி. நாளைக்கு லாயர் கேப்பாரு லா" என்றார் கமலநாதன், உள்ளூர் வழக்கப்படி பேச்சை 'லா'வில் முடித்து. கார் நகர்ந்ததும் அவரே, "திரையில அஞ்சே நம்பர் வை. அதுக்கு மேல ஒருத்தனும் பார்க்க மாட்டான்" என்றார்.

திங்கட்கிழமை வரைபடங்களை ஒவ்வொன்றாக நீக்கினான். பெரும்பாலானவை இயந்திரம் சூடாக இருக்கிறதா, இடம் மிச்சமிருக்கிறதா என்று சொல்பவை. வைத்துக்கொண்டவை: பதில் வரும் வேகம், பிழைகள், வந்து குவியும் வேலை, வரிசையில் தேங்கிய மிகப் பழைய செய்தியின் வயது. நாலு ஆயிற்று. அவற்றுக்கு மேலே ஐந்தாவதை எழுதினான்: நேரம் தாண்டியும் வண்டி ஏறாதவர்கள் எத்தனை பேர்.

"இது எந்த சர்வீஸோட நம்பர்? யாரு பொறுப்பு?" என்றார் கமலநாதன்.

"எல்லாரும்தான் பாஸ்."

அவர் யோசித்தார். "சரி, இருக்கட்டும்."

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, மற்ற நாலும் பச்சையாக இருக்க, வண்டி ஏறாதவர்கள் எண் மட்டும் நாலு பேர் என்று காட்டியது. ரவிசங்கர் டிரைவர்களை நேரடியாகப் போனில் கூப்பிட்டு அந்த வீடுகளுக்கு வண்டிகளைப் போகச் சொன்னான். பிறகு நோயாளிகளையும் கூப்பிட்டான். சுபாங் ஜெயாவில் தங்கமணி என்ற அம்மாள், "வண்டிலதான் இருக்கேன் லா, வைங்க" என்று போனை வைத்துவிட்டார்.

எண் பூஜ்யமானது. பக்கத்து மேசைக்காரர்கள் வந்து முதுகில் தட்டினார்கள். நிம்மதியாக இருக்கும் என்று ரவிசங்கர் சற்று நேரம் எதிர்பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. எந்த சர்வீஸில் கோளாறு என்று தேட உட்கார்ந்தான்.