எதிர்க்கட்சிக்கு ஒரு போன்

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் குறுக்கே கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்மா."

"விளையாடுற நேரமாப்பா இது? அம்மா துடிக்கிறது தெரியலையா?" என்றாள் மகள்.

துடிக்கிறாளா என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே டாக்டர்கள் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்த மனைவிக்கு நேற்று மூளையில் ஏதோ அடைத்துத் தமிழ் போய்விட்டது. வாயில் வருவதெல்லாம் அவள் ஆயுசைக் கொட்டி ஆராய்ந்த தூரதேசத்து மொழி. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் குரல் ஏறுகிறது. விரல் நெஞ்சுப் பக்கம் போகிறது.

"வலி இருந்தா மட்டும்தான் போடச் சொல்லியிருக்காங்க," என்றாள் நர்ஸ். "போட்டா தூங்கிடுவாங்க. அப்புறம் கண் முழிக்கிறது சந்தேகம். சொல்லுங்க சார், வலின்னா சொல்றாங்க?"

மேலே, கீழே தவிர வேறு திசை அறியாத லிஃப்ட் மெக்கானிக் அவர். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கும் அதன் அக்கம்பக்கத்துக் குஷிட்டிக் மொழிகளும் கல்யாணமான நாளிலிருந்து சக்களத்திகளைப் போல வீட்டில் உலாவியும், "நல்லா இருக்கியா" என்று கேட்கக்கூட அவர் கற்றுக்கொள்ளவில்லை. அதெல்லாம் தெரிந்த ஆள் ஒருவர்தான். எதிர்க்கட்சி.

அவள் வைத்த பெயர் அது. கூடப் படித்தவர். அம்ஹாரிக்கில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போனது குஷிட்டிக் சகவாசத்தால் என்று இவள் எழுதினாள். எல்லாப் பழியையும் பக்கத்து வீட்டின் மேல் போடாதே என்று அவர் எழுதினார். அதோடு பேச்சு நின்றது. "இதுக்கா இவ்வளவு வெட்டுக்குத்து?" என்று கேட்ட பாவத்துக்கு மெக்கானிக் ஒரு வாரம் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

"அவருக்கா போன் போடுறது? அம்மா மன்னிக்கவே மாட்டாங்கப்பா."

"மன்னிக்காம இருக்கிறதுக்காவது இருக்கட்டும்."

மெக்கானிக் அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையிலிருந்து பதில் வந்தது. "போனை அவ வாய்கிட்ட வைங்க."

அவள் சொன்னாள். கிட்டத்தட்டக் கத்தினாள்.

"இது அம்ஹாரிக் இல்ல சார். நாங்க சேர்ந்து மலைமேல போய்க் கத்துக்கிட்ட ஒரு குஷிட்டிக் மொழி."

"வலின்னு சொல்றாளா?"

"எதையாவது தொட்டுக் காட்டுறாளா, பாருங்க."

மெக்கானிக் அப்போதுதான் பார்த்தார். விரல் அவள் நெஞ்சில் இல்லை. அவள்மேல் குனிந்திருந்த அவருடைய சட்டையில் இருந்தது.

"என் பொத்தானை."

"'உங்க பேச்சுல இதுக்கு என்ன சொல்வீங்க?'ன்னு கேக்குறா. புது ஊருக்குப் போனா நாங்க கேக்குற முதல் கேள்வி. உங்களைத்தான் கேக்குறா சார். பதில் வராம அடுத்த கேள்விக்குப் போகமாட்டா, ராட்சசி."

"எந்த மொழியில சொல்ல?"

"உங்க மொழியிலதான்."

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொத்தான்."

அவள் முகம் தளர்ந்தது. உதடு அதைச் சொல்லிப் பார்த்தது. விரல் நகர்ந்தது.

"காலர்... தாடை. ஷேவ் பண்ணல."

பின்னாலிருந்து மகளின் சத்தம் வந்தது. சிரிப்பா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

விரல் ஜன்னல் பக்கம் எழுந்து நின்றது. இந்தத் தடவை உதடு மட்டும் அசைந்தது.

"ஜன்னல்." விரல் இறங்கவில்லை. "கம்பியா? திரை... மரம். எதிர்வீட்டு மாடி. தண்ணித் தொட்டி."

கை போர்வைமேல் விழுந்தது. நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு மகளை ஏறிட்டாள். மறுமுனையில் அவர் போனை வைக்கவில்லை.

"கொடி," என்றார் மெக்கானிக், ஜன்னலைவிட்டுக் கண்ணெடுக்காமல். "கொடியில சட்டை. நீலச் சட்டை. ஒரு கை மட்டும் உள்பக்கமாத் திரும்பியிருக்கு."